பின்னால் பார்க்கும் கண்

மோட்டார் கார் முன்னே பாய்வதற்கென்றே பிறந்த வண்டி. ஆயினும் எந்தக் காரும் வீட்டு வாசலிலாவது பின்னோக்கி நகர்ந்துதான் ஆகவேண்டும். அந்தச் சில மீட்டர் தூரத்தை ஓட்டுபவரின் கண்ணுக்குக் காட்ட ஏறத்தாழ நூறாண்டுகள் பிடித்தன என்றால் வாசகர்கள் வியப்படையலாம்.

1909-இல் டாரதி லெவிட் என்ற ஆங்கிலப் பெண்மணி, கார் ஓட்டும் பெண்களுக்காக எழுதிய நூலில், கைக்கண்ணாடி ஒன்றை உடன் எடுத்துச் செல்லுமாறு கூறினார். முகம் பார்க்க மட்டுமன்று. தூக்கிப் பிடித்துப் பின்னால் வருவதைப் பார்க்கவுந்தான். 1911 மே 30 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 500 மைல் பந்தயம் நடந்தது. அக்காலப் பந்தயக் கார்களில் ஓட்டுபவர் அருகே மெக்கானிக் ஒருவரும் அமர்வார். பின்னால் வரும் வண்டிகளைக் கவனித்துச் சொல்வது அவர் பணிகளுள் ஒன்று. நம் ஊர் லாரி பின்வாங்கும்போது கிளீனர் பலகையைத் தட்டி "வரட்டும், வரட்டும்" என்பாரே, அவரும் அப்படியொரு பின்கண்தான். ரே ஹரூனோ ஒற்றை ஆள் காரில் வந்தார். மற்றவர்கள் ஆட்சேபிக்கவே, தம் எதிரே ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்; மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் வெற்றியும் பெற்றார். செங்கல் பாவிய பாதையில் கண்ணாடி அதிர்ந்ததால் அதில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னது வேறு கதை!

இக்கண்ணாடிகள் எல்லாம் தொலைவில் வரும் வண்டியைக் காட்டப் பிறந்தவை. பின்வாங்கும்போது ஆபத்து இருப்பதோ அருகில், தாழ்வாக. ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் உள்ளது, அவருக்கு 3 மீட்டர் பின்னால், பின்கண்ணாடியின் கீழ் விளிம்பு 100 செ.மீ. உயரத்தில் உள்ளது என்க. பார்வைக்கோடு 3 மீட்டருக்கு 20 செ.மீ. இறங்குகிறது. அது 80 செ.மீ. உயரத்திற்கு இறங்க இன்னும் 3 மீட்டர் வேண்டும். அதாவது, 80 செ.மீ. உயரமுள்ள குழந்தை காரின் பின்னால் 3 மீட்டருக்குள் நின்றால், தலைமயிர்கூடத் தெரியாது. எவ்வளவு கவனமாகத் திரும்பிப் பார்த்தாலும் இக்கணக்கு மாறாது. உள்ளே மாட்டிய கண்ணாடியும் அதே விளிம்பின் வழியாகத்தானே பார்க்கிறது!

இதற்கு விடை 1956-லேயே தோன்றிவிட்டது. பியூக் செஞ்சூரியன் என்ற காட்சிக் காரில் பின்னோக்குக் கண்ணாடிக்குப் பதில் தொலைக்காட்சிக் காமிரா இருந்தது. அது கண்காட்சியோடு நின்றுபோயிற்று.

2002-இல் நியூயார்க் மாநிலத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் தம் வீட்டு வாசலில் காரைப் பின்னோக்கி நகர்த்தியபோது, அவருடைய இரண்டு வயது மகனே சக்கரத்தில் சிக்கி இறந்தான். கண்ணாடிகளைப் பார்த்தபடிதான் அவர் ஓட்டினார். அக்குழந்தையின் பெயரால் 2008-இல் சட்டம் வந்தது. 2011-இல் வெளிவந்திருக்க வேண்டிய விதியோ பல முறை தள்ளிப்போய், 2014-இல்தான் வந்தது. செலவுக் கணக்கே நெடுநாள் பேசப்பட்டது. இவ்வகை விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 210 பேர் இறப்பதாகவும், அவர்களில் 31 சதவீதம் ஐந்து வயதுக்குட்பட்டோர் என்றும் அந்நாட்டு அரசே மதிப்பிட்டிருந்தது. 2018 மே முதல் அங்கு விற்கும் புதிய கார் ஒவ்வொன்றும் தன் பின்னால் 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம் உள்ள இடத்தைக் காட்டியாக வேண்டும்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் பின்புற உணர்கருவி கட்டாயமாயிற்று. இது பெரும்பாலும் மீயொலியால் இயங்குவது. ஒன்றரை மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டு எதிரொலி திரும்ப ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் சுவர் எதிரொலிப்பதுபோல் மென்மையான துணி எதிரொலிப்பதில்லை. மெல்லிய கம்பியும் தரையோடு கிடக்கும் கல்லும் சில வேளைகளில் அதற்குத் தப்பிவிடுகின்றன.