சித்திரவதைத் தடயப் பரிசோதனை (புகலிடம் கோருவோர்)

சொந்த நாட்டில் சித்திரவதைக்கு உள்ளாகி வேறு நாட்டில் புகலிடம் கோருபவரின் உடலிலும் மனத்திலும் எஞ்சியுள்ள தடயங்கள், அவர் கூறும் நிகழ்வுகளோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மருத்துவர் ஆராய்ந்து சான்றளிக்கும் சட்ட மருத்துவ முறை.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை புகலிட உரிமைக்கு அடித்தளமிட்டது. ஆனால் சித்திரவதையை மெய்ப்பிக்கும் வழியை வகுக்கவில்லை. 1974இல் அம்னெஸ்டி மனித உரிமை அமைப்பைச் சேர்ந்த டென்மார்க் மருத்துவர்கள், சிலி, கிரீஸ் ஆகிய நாடுகளில் வதைபட்டோரைப் பரிசோதிக்கத் தொடங்கினர். அவர்களில் ஒருவரான இங்கே கெனெஃப்கே 1982இல் கோபன்ஹேகனில் வதைபட்டோருக்கான மறுவாழ்வு மையம் அமைத்தார். 1985இல் லண்டனில் ஹெலன் பாம்பர் நிறுவிய மருத்துவ அறக்கட்டளை, சிகிச்சையோடு புகலிட வழக்குகளுக்கான அறிக்கைகளையும் தயாரித்தது.

இத்தகைய பரிசோதனைகளுக்கான பொது அளவுகோல் துருக்கியில் உருவானது. 1996இல் அதானாவில் நடந்த கருத்தரங்கில் முளைவிட்ட முயற்சியில், 15 நாடுகளின் 75க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் மூன்றாண்டு உழைத்தனர். அதன் விளைவாக 1999 ஆகஸ்டில் ஐ.நா.விடம் அளிக்கப்பட்ட கையேடே இஸ்தான்புல் நெறிமுறை. அது ஒவ்வொரு காயத்தையும் ஐந்து படிகளில் மதிப்பிடச் சொல்கிறது: ‘ஒத்துப்போகவில்லை’ என்பது முதற்படி, ‘வேறெவ்வகையிலும் ஏற்பட்டிருக்க முடியாது’ என்பது இறுதிப்படி. தழும்பு இல்லை என்பதால் வதை நடக்கவில்லை என்றாகாது எனவும் அது எச்சரிக்கிறது. எடுத்துக்காட்டாக, உள்ளங்காலில் அடித்ததால் வந்த வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும். ஆனால் நடக்கும்போது வரும் வலி ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம்.

மருத்துவர் எதுவரை பேசலாம் என்ற கேள்வியை, பிரிட்டனில் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு எழுப்பியது. காய்ச்சிய உலோகக் கம்பியால் தமக்குச் சூடு வைத்தனர் என்றார் அவர். கைத் தழும்புகளின் விளிம்பு கலைந்திருந்தது. முதுகுத் தழும்புகளோ கோடு கிழித்தாற்போல் இருந்தன. கையில் சுட்டபோது துடித்தார், முதுகில் சுட்டபோது நினைவிழந்திருந்தார் என்ற கூற்றோடு இவ்வேறுபாடு பொருந்துவதாக மருத்துவர் எழுதினார். புகலிடம் கோரியவரே பிறரைக் கொண்டு சூடு போட்டுக்கொண்டிருக்கலாம் என்று தீர்ப்பாயம் ஐயுற்றது. மருத்துவர் வரம்பு மீறினார் என்ற வாதமும் எழுந்தது. 2019 மார்ச் 6 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காயம் ஏற்பட்ட சூழல் குறித்தும் மருத்துவர் கருத்துரைக்கலாம் என்றது. பிறரைக் கொண்டு தாமே வலிந்து சூடு போட்டுக்கொள்வது மிக அரிது என்பதற்கும் உரிய எடை தரவேண்டும் என்று கூறி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது.

இஸ்தான்புல் நெறிமுறையின் திருத்திய பதிப்பு 2022இல் வெளியானது.