பைத்தான் 2 இலிருந்து பைத்தான் 3: ஒரு மாற்றத்தின் வரலாறு

பைத்தான் என்பது நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் உருவாக்கிய கட்டற்ற நிரலாக்க மொழியாகும். இதன் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பர் 3 அன்று வெளியானது. இரண்டாம் பதிப்பில் எழுதப்பட்ட நிரல்களில் பெரும்பாலானவை புதிய பதிப்பில் திருத்தமின்றி இயங்கவில்லை. இதனால் உலகெங்கும் திறமூல மென்பொருள்களைப் பராமரித்து வந்தோர் தம் நிரல்களை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இப்பணி முடியப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. மொழியில் செய்யப்பட்ட மாற்றங்கள் தேவையானவையே. பழையதிலிருந்து புதியதற்கு மக்கள் எவ்வாறு வந்து சேர்வார்கள் என்று போட்ட கணக்குதான் தவறிப் போயிற்று.

மாற்றம் ஏன் தேவைப்பட்டது?

பைத்தானின் முதல் வெளியீடு 1991 பிப்ரவரியில் வந்தது. ஒருங்குறியின் முதல் பதிப்பே அவ்வாண்டு அக்டோபரில்தான் வெளியாயிற்று. எனவே பைத்தானில் சரம் என்பது வெறும் பைட்டுகளின் வரிசையாகவே இருந்தது. 2000 இல் வந்த பைத்தான் 2.0, ஒருங்குறிச் சரம் என்ற தனி வகையைச் சேர்த்தது. ஆனால் பழைய வகையும் புதிய வகையும் தடையின்றிக் கலந்து புழங்கின. ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தவரை நிரல் ஒழுங்காக ஓடும். வேறு மொழிப் பெயர் ஒன்று உள்ளே வந்ததும் பிழை காட்டி நின்றுவிடும்.

‘அம்மா’ என்ற சொல்லைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுதிய இச்சொல்லின் நீளம் என்ன என்று பைத்தான் 2 இன் சாதாரணச் சரத்தைக் கேட்டால் 15 என்று சொல்லும். அது பைட்டுகளின் எண்ணிக்கை. பைத்தான் 3 விடையாக 5 தரும். அது அ, ம, புள்ளி, ம, கால் என்னும் ஒருங்குறிக் குறிகளின் எண்ணிக்கை. தமிழ் இலக்கணப்படி எழுத்துகள் மூன்றே. அந்த மூன்றைப் பெறுவதற்கு ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற நிரல் நூலகங்கள் உள்ளன. உரை வேறு, பைட்டு வேறு என்று பைத்தான் 3 வகுத்த எல்லை ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்குப் பெரும் பயன் தந்தது. மாறிகளுக்குத் தமிழில் பெயரிடும் வசதியும் இப்பதிப்பில்தான் வந்தது.

வேறு மாற்றங்களும் உண்டு. ‘பிரிண்ட்’ என்ற கட்டளை, அடைப்புக்குறி தேவைப்படும் செயற்கூறாக மாறியது. 7 ஐ 2 ஆல் வகுத்தால் முன்பு 3 கிடைத்தது, இப்போது 3.5 கிடைக்கிறது. முதல் மாற்றத்தைக் கவனிக்காவிட்டால் நிரல் பிழை காட்டி நிற்கும். இரண்டாவது மாற்றம் பிழை எதுவும் காட்டாமல் விடையை மட்டும் மாற்றிவிடும். ஆகவே பழைய நிரல்களை வரிவரியாகச் சோதிக்க வேண்டியிருந்தது.

முதல் திட்டம்

பழைய நிரலைப் புதிய வடிவுக்குத் தானாக மாற்றித் தரும் ‘டூ-டு-திரீ’ என்ற கருவி பைத்தானுடனேயே வழங்கப்பட்டது. பராமரிப்பாளர்கள் பழைய நிரலையே திருத்தி வரவேண்டும், ஒவ்வொரு வெளியீட்டின்போதும் கருவியால் அதனை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம்.

நடைமுறையில் இது சுமையாயிற்று. ஒரு பயனர் பிழையைச் சுட்டிக்காட்டினால், அது கருவி மாற்றித் தந்த நிரலின் வரியாக இருக்கும். பராமரிப்பாளர் கையில் இருப்பதோ மூலநிரல். மேலும், ஒரு மென்பொருள் பல நூலகங்களைச் சார்ந்திருக்கும். அவற்றுள் ஒன்று மாறாவிட்டாலும் மேலே உள்ளவை அனைத்தும் காத்திருக்க வேண்டும். இதனால் ‘நீ முதலில் போ, நான் பின்னால் வருகிறேன்’ என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. இவ்வேலையைச் செய்தோரில் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். விடுமுறை நாள்களில் உழைத்து முடித்தாலும் பயனருக்குப் புதிய வசதி எதுவும் கண்ணில் படாது. மென்பொருள் முன்போலவே இயங்கும், அவ்வளவே.

பாலம் கட்டப்பட்டது

இதற்கு மாற்று வழியைப் பராமரிப்பாளர்களே கண்டனர். ஒரே நிரலை இரு பதிப்புகளிலும் இயங்குமாறு எழுதுவது அவ்வழி. இதற்குத் துணையாக ‘சிக்ஸ்’ என்ற சிறு நூலகம் பரவியது. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு என்பதே பெயர்க் காரணம். இணையதளங்கள் அமைக்க உதவும் ஜாங்கோ, 2013 இல் இம்முறையில் பைத்தான் 3 க்கு ஆதரவு தந்தது. அறிவியல் கணக்கீட்டுக்கான நம்பை நூலகம் அதே ஆண்டில் மாற்றுக் கருவியைக் கைவிட்டு ஒரே நிரலுக்கு வந்தது.

பைத்தானை உருவாக்குவோரும் இறங்கி வந்தனர். ஒருங்குறிச் சரத்தின் முன் இடப்படும் ‘யு’ என்ற எழுத்து 3.0 இல் நீக்கப்பட்டிருந்தது. புதிய பதிப்புக்கு அது தேவையில்லை என்றாலும், 2012 இல் வந்த 3.3 பதிப்பில் திரும்பச் சேர்க்கப்பட்டது. பைட்டுகளை விழுக்காட்டுக் குறி கொண்டு வடிவமைக்கும் வசதி 2015 இல் 3.5 பதிப்பில் மீண்டது. இவ்வாறு பழைய வசதிகள் சில திரும்பிய பிறகே மாற்றம் விரைவு பெற்றது.

கெடுவும் முடிவும்

பைத்தான் 2.7 க்கான ஆதரவு 2015 இல் முடிவதாக இருந்தது. பலர் இன்னும் மாறாததால் 2014 இல் அக்கெடு 2020 வரை நீட்டிக்கப்பட்டது. ஜாங்கோ 2017 டிசம்பரிலும் நம்பை 2019 இலும் தம் புதிய பதிப்புகளில் பைத்தான் 2 ஐக் கைவிட்டன. 2020 ஜனவரி 1 உடன் ஆதரவு முடிவுற்றது. கடைசி வெளியீடான 2.7.18 அவ்வாண்டு ஏப்ரலில் வந்தது. மின்னூல் மென்பொருளான காலிபர் 2020 செப்டம்பரில் தன் 5.0 பதிப்பின் வழியே மாறியது. அப்போது, பிறர் எழுதிய கூடுதல் செருகுநிரல்களில் மாற்றப்படாதவை இயங்காமல் போயின.

கிடைத்த பாடம்

இன்று பைத்தானில் ஒரு வசதியை நீக்குமுன் பொதுவாகக் குறைந்தது இரு வெளியீடுகளிலாவது எச்சரிக்கை தரவேண்டும் என்பது விதி. திறமூல உலகில் யாரையும் கட்டளையிட்டு மாறச் செய்ய இயலாது. பழைய கரையில் நிற்பவர் தம் வேலையைத் தொடர்ந்துகொண்டே சிறிது சிறிதாகப் புதிய கரைக்கு வர வழி இருந்தால்தான் வருவார்.

தமிழ்நாட்டில் 12 ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் மாணவர்கள் பைத்தான் 3 ஐயே கற்கின்றனர். பழைய நூல்களில் உள்ள நிரலை அப்படியே எழுதி இயக்கும்போது ‘பிரிண்ட்’ வரியில் பிழை வந்தால், குறை மாணவரிடம் இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்நிரல் எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.