கால்களை எண்ணிய வரலாறு

விலங்குகளைக் கால்களின் எண்ணிக்கையைக் கொண்டு பிரித்தறிவது உயிரியல் வகைப்பாட்டின் மிகப் பழைய முறைகளுள் ஒன்றாகும். தமிழில் நாற்கால் விலங்கு, எட்டுக்கால் பூச்சி என்னும் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. சங்க இலக்கியம் வண்டை 'அறுகாற் பறவை' என்று குறிக்கிறது. வண்டின் கால்களைச் சரியாக எண்ணியவர் வைத்த பெயர் அது. பூச்சிக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு, நண்டுக்குப் பத்து என்று பள்ளிப் பாடநூல்கள் இன்று ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. அந்த வரி உருவாக இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. எண்ணுவது கடினமாக இருக்கவில்லை. எதைக் கால் என்று கொள்வது என்பதில்தான் சிக்கல் இருந்தது.

அரிஸ்டாட்டிலின் கணக்கு

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் விலங்குகளின் நடை குறித்துத் தனி நூலே எழுதினார். கால்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும் என்றார். இரத்தமுள்ள விலங்குகள் நான்கு அல்லது அதற்குக் குறைவான உறுப்புகளால் இயங்குகின்றன. இரத்தமற்றவை நான்குக்கு மேற்பட்டவற்றால் இயங்குகின்றன என்பது அவருடைய பொதுவிதி. (செந்நிற இரத்தத்தையே அவர் இரத்தம் என்று கொண்டார்.) பறவைக்கு இரண்டு கால், இரண்டு சிறகு, கூட்டினால் நான்கு. காலே இல்லாத பாம்பையும் அவர் விடவில்லை. அதன் உடல் வளைவுகளையே நான்கு ஊன்றிடங்களாகக் கணக்கிட்டார். விதியைக் காப்பாற்றச் சற்று வளைத்துச் சொன்ன விளக்கம்தான் இது. ஆயினும் முதுகெலும்பிகள் நான்கு உறுப்புகளைக் கடப்பதில்லை என்ற அவருடைய கவனிப்பு இன்றும் நிற்கிறது. தவளை, பல்லி, பறவை, மாடு, மனிதர் ஆகிய அனைவரும் நான்கு உறுப்புகள் கொண்ட ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்பதே இதற்கு இன்றைய அறிவியல் தரும் காரணம். பாம்பின் மூதாதைக்கும் கால்கள் இருந்தன. மலைப்பாம்பின் வால் பகுதியில் இரு சிறு முள்போன்ற எச்சங்கள் இப்போதும் காணப்படுகின்றன.

அரிஸ்டாட்டிலைப் பற்றி ஒரு கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. ஈக்கு நான்கு கால்கள் என்று அவர் எழுதிவிட்டாராம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவரும் ஓர் ஈயைப் பிடித்து எண்ணிப் பார்க்காமல் அதை அப்படியே நம்பினார்களாம். மாணவர்களுக்குச் சொல்ல வசதியான கதை. ஆனால் அவருக்கு நியாயம் செய்யும் கதை அன்று. அவர் நான்கு கால் என்று சொன்னது வீட்டு ஈயை அன்று, 'எபிமெரான்' என்னும் ஒருநாள் பூச்சியை. ஆற்றோரங்களில் தோன்றி ஒரே நாளில் மடிவது அது. மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பும் நம் ஈசல் வேறு. ஈசல் கறையான் இனம். எபிமெரான் நான்கு கால்களாலும் நான்கு சிறகுகளாலும் *இயங்குகிறது* என்பதே அவர் எழுதியது. அதையும் விதிவிலக்கான ஓர் உயிராகவே எடுத்துக்காட்டினார்.

ஒருநாள் பூச்சிக்கு உண்மையில் ஆறு கால்கள் உண்டு. ஆனால் ஆண் பூச்சியின் முன்னங்கால்கள் மிக நீண்டவை. அமரும்போது அவற்றை ஊன்றாமல் முன்னே நீட்டி வைத்துக்கொள்ளும். பறக்கையில் பெண் பூச்சியைப் பற்றுவதற்கே அவை பயன்படுகின்றன. தள்ளி நின்று பார்ப்பவருக்கு நான்கு கால்களில் நிற்கும் பூச்சியாகவே தோன்றும். ஈக்கள் முன்னங்கால்களை ஓயாமல் தேய்த்துக்கொள்வதையும், அது கண்ணைத் துடைப்பதற்கே என்பதையும் எழுதி வைத்த மனிதர் அவர். பார்க்காமல் எழுதினார் என்ற குற்றச்சாட்டு அவருக்குப் பொருந்தாது.

இத்தகைய கணக்கு அவரோடு நின்றதும் அன்று. எபிரேய மறைநூலின் லேவியராகமம், சிறகுள்ள சிற்றுயிர்களை நான்கு காலால் நடப்பவை என்கிறது. வெட்டுக்கிளிக்குத் தாவுவதற்கான கால்கள் இருப்பதைத் தனியே சொல்கிறது. நடக்கும் கால் நான்கு, தாவும் கால் இரண்டு. ஆக, எண்ணிக்கை ஆறுதான். பிரித்துச் சொன்ன முறைதான் வேறு. தமிழ்நாட்டிலேயே இதைச் சோதிக்கலாம். 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும், தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும் வெந்தய வரியனும் நான்கு கால்களில்தான் நிற்கின்றன. இக்குடும்பத்துப் பட்டாம்பூச்சிகளின் முன்னங்கால் இணை சிறுத்து மார்போடு ஒடுங்கியிருக்கும். கூர்ந்து பார்த்தால் ஆறும் தெரியும்.

எது கால்?

சுவீடன் நாட்டு லின்னேயசு 1758இல் வெளியிட்ட 'இயற்கையின் ஒழுங்கமைப்பு' நூலின் பத்தாம் பதிப்பில் சிலந்தி, தேள், நண்டு, பூரான், மரவட்டை யாவும் பூச்சி வகுப்பிலேயே வைக்கப்பட்டிருந்தன. சிறகற்ற பூச்சிகள் என்ற வரிசைக்குள் அவர் இவற்றைக் கால்களைக் கொண்டு பிரித்தார்: ஆறு கால் உடையவை, எட்டு முதல் பதினான்கு வரை உடையவை, அதற்கும் மேற்பட்டவை. பிரான்சு நாட்டு இலமார்க்கு 1801இல் வெளியிட்ட நூலில் நண்டினமும் சிலந்தியினமும் பூச்சிகளிடமிருந்து பிரிந்து தனி வகுப்புகளாயின. சிலந்தி பூச்சியன்று என்பது அறிவியலில் இருநூறு ஆண்டு வயதுடைய செய்திதான். பேச்சுத் தமிழில் அது இன்னும் எட்டுக்கால் பூச்சியாகவே இருக்கிறது. அதில் பெரிய தவறும் இல்லை.

எண்ணுவோரை ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. நண்டின் முன்புற இடுக்கிகள் இரண்டும் கால்களாகவே எண்ணப்படும். அதனால்தான் அது பத்துக்காலி. தேளுக்கும் அதே தோற்றத்தில் இரண்டு இடுக்கிகள் உள்ளன. ஆனால் அவை வாயை அடுத்த உணர்காலிலிருந்து உருவானவை. ஆகவே எண்ணிக்கையில் சேராது, தேளுக்கு எட்டே கால்கள். பூரானின் நிலை இதற்கு நேர் எதிரானது. அது கடிக்கும் நச்சுக் கொடுக்கு, உடலின் முதல் கால் இணை உருமாறியதாகும். இருந்தும் அதைக் காலோடு சேர்த்து எண்ணுவதில்லை. கம்பளிப்பூச்சிக்குப் பதினாறு கால்கள் வரை தெரியும். அவற்றுள் மார்பிலுள்ள ஆறு மட்டுமே உண்மைக் கால்கள். மற்றவை சதைப்பற்றான பொய்க்கால்கள், பட்டாம்பூச்சியாகும்போது மறைந்துவிடும்.

நூறும் ஆயிரமும்

உரோமானியரான பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய 'இயற்கை வரலாறு' நூலில் 'ஆயிரங்கால்', 'நூறுகால்', 'பலகால்' என்னும் பொருள்படும் மூன்று இலத்தீன் சொற்களும் ஒரே சிற்றுயிருக்குரிய மாற்றுப் பெயர்களாக வருகின்றன. அவருக்கு நூறும் ஆயிரமும் 'ஏராளம்' என்பதற்கான சொற்கள் மட்டுமே. பின்னாளில் ஆங்கிலத்தில் பூரானுக்கு நூறுகால் என்ற பெயரும் மரவட்டைக்கு ஆயிரங்கால் என்ற பெயரும் நிலைத்தன.

இரண்டு பெயர்களும் கணக்கில் தவறினவை. வளர்ந்த பூரான்களின் கால் இணைகள் இனத்துக்கேற்ப 15 முதல் 191 வரை உள்ளன. ஆனால் இயல்பாக ஒற்றைப்படை இணைகளே அமைகின்றன. நூறு கால் வேண்டுமெனில் 50 இணைகள் வேண்டும். 50 இரட்டைப்படை எண். ஆகவே சரியாக நூறு கால்கள் கொண்ட பூரான் எதிர்பார்க்கத்தக்கதன்று. நம் வீடுகளில் காணும் பெரிய பூரானுக்குப் பெரும்பாலும் 21 இணைகள், அதாவது 42 கால்கள்.

மரவட்டையின் கதை நீண்டது. சிறுவர்கள் இரயில் பூச்சி என்றழைக்கும் இதன் பெரும்பாலான உடல் வளையங்களில் இரண்டிரண்டு கால் இணைகள் இருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும்போது பொதுவாக மூன்று இணைகள் மட்டுமே. அந்நிலையில் எண்ணினால் பூச்சியென்றே முடிவு செய்ய நேரும். ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் பின்புறத்தில் புதிய வளையங்களும் கால்களும் சேர்கின்றன. இருந்தாலும் வளர்ந்த மரவட்டைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சில நூறு கால்களுக்கு மேல் இல்லை.

1928இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பெனிட்டோ மாவட்டத்தில் கிடைத்த ஒரு மரவட்டையினம் பதிவாயிற்று. நீளம் மூன்று செ.மீ. அளவே, கால்களோ 750 வரை. பிறகு அது அறிவியலாளர் கண்ணில் படவேயில்லை. ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பின் பால் மாரெக்கு அதே பகுதியில் மீண்டும் கண்டெடுத்தார். 2006இல் செய்தி வெளியாயிற்று. எனினும் ஆயிரத்துக்கு இன்னும் 250 குறைவு.

2020இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கவயல் பகுதியில், கனிமத் தேடலுக்காகத் துளையிட்ட குழிகளுக்குள் இலைச்சருகு வைத்த பொறிகள் இறக்கப்பட்டன. புரூனோ புசாட்டோ என்ற உயிரியலாளர் அவற்றில் நூல்போன்ற வெளிறிய மரவட்டைகளைக் கண்டார். தரைக்கு 60 மீட்டர் வரை ஆழத்தில் வாழும் அவற்றுக்குக் கண்கள் இல்லை. மிகப் பெரிதான பெண் உயிரி 95.7 மி.மீ. நீளமும் ஒரு மி.மீ.க்கும் குறைந்த அகலமும் கொண்டது. உடல் வளையங்கள் 330, கால்கள் 1,306. மாரெக்கும் புசாட்டோவும் பிறரும் 2021 டிசம்பரில் இதை 'யூமில்லிப்பெசு பெர்செபோனி' எனப் பெயரிட்டு வெளியிட்டனர். முதற்சொல் 'உண்மையான ஆயிரங்கால்' எனப் பொருள்படும். இரண்டாவது பாதாள உலகுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கிரேக்கத் தெய்வத்தின் பெயர்.

அந்த ஆய்வில் ஆண் உயிரிகள் இரண்டின் கால்கள் 778, 818 எனப் பதிவாகியுள்ளன. மற்றொரு பெண் உயிரிக்கு 998.