வீட்டு நகக்கலை

கை, கால் விரல் நகங்களுக்கு வீட்டிலேயே நிறமேற்றி, அவற்றின் மேல் புள்ளி, கோடு, பூ, பளிங்கு வரி முதலிய அலங்காரங்களைத் தானே செய்துகொள்வது வீட்டு நகக்கலை. அழகு நிலையத்தில் பிறந்த கலையின் மலிவுப் பதிப்பாகவே பலரும் இதைப் பார்க்கிறார்கள். பார்லருக்குப் போகக் காசில்லாதவர்களும் நேரமில்லாதவர்களும் கண்டுகொண்ட மாற்றுவழி என்பது அவர்கள் கணக்கு. வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. நகத்தை அலங்கரிப்பது பல நூற்றாண்டுகள் வீட்டுக் காரியமாகவே இருந்தது. கூலிக்கு நகம் திருத்தும் கடைகள் அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் தலைகாட்டியதே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்குப் பிறகும் புதிய பூச்சோ கருவியோ எது வந்தாலும், சில காலம் கடைக்காரர் கையில் இருந்துவிட்டுப் பெரும்பாலும் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இந்தப் போக்குக்கு ஒரு வரம்பும் உண்டு. ஜெல் பூச்சு வீட்டுக்குள் நுழைந்த பிறகே அது தெரியவந்தது.

சான்றுகளில் பழையது செடிச்சாயம். ஆடி மாதத்திலும் கல்யாணத்துக்கு முன்னாலும் தமிழ் வீடுகளில் மருதாணி அரைக்கும் முறை பலரும் அறிந்தது. இலையோடு கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து அம்மியில் மைபோல அரைத்து, விரல் நுனி முழுதும் தொப்பியாக வைத்து, இரவு முழுக்க விட்டுக் காலையில் உதிர்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். இலையிலுள்ள லாசோன் என்ற சாயப்பொருள் தோலிலும் நகத்திலும் இருக்கிற கெரட்டின் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. தோல் உரிந்து புதுப்பித்துக்கொள்வதால் உள்ளங்கைச் சிவப்பு இரண்டு மூன்று வாரத்தில் மங்கும். நகம் அப்படி உரிவதில்லை. மாதத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. மட்டுமே வளரும் கைவிரல் நகத்தில் அந்தச் சிவப்பு மெல்ல நுனியை நோக்கி நகர்ந்து, கடைசிப் பிறையும் வெட்டுப்படும்வரை நிற்கிறது. மருதாணி அதிகம் பழகாத கிழக்காசியாவிலும் இதே வேலை நடந்தது. 13-ஆம் நூற்றாண்டுச் சீன எழுத்தாளர் சோவ் மி, சிவப்புக் காசித்தும்பையைப் படிகாரத்தோடு இடித்து நகத்தில் வைத்துத் துணி சுற்றி இரவெல்லாம் விடும் முறையைப் பதிவு செய்திருக்கிறார். கொரியப் பெண்கள் காசித்தும்பைப் பூவை நகத்தில் வைத்து இலையால் மூடி நூலால் கட்டினார்கள். காசித்தும்பைக்கும் மருதாணிக்கும் தாவரக் குடும்ப உறவு எதுவுமில்லை. ஆனாலும் காசித்தும்பையிலும் லாசோன் இருக்கிறது. வேதியியல் தெரியாத வீட்டுப் பெண்கள் இரு வேறு நிலங்களில் ஒரே சாயப்பொருளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். மருதாணி நன்றாகச் சிவந்தால் கணவனின் அன்பு கூடும் என்பது இங்குள்ள பேச்சு. முதல் பனி விழும்வரை நகத்தில் நிறம் நின்றால் முதல் காதல் கைகூடும் என்பது கொரியப் பேச்சு.

இதை நகக்கலையின் தொடக்கமாகக் கொள்வதற்கு ஒரு மறுப்பு எழும். மருதாணி சடங்கோடு சேர்ந்தது, ஒரே நிறம் தருவது, கோலமோ உருவமோ நகத்தின் மேல் வரைய இடம் தராதது; அதை எப்படிக் கலை என்பது? மறுப்பில் பாதி சரி. நகத்தை ஓவியப் பரப்பாக மாற்றியது மருதாணி அல்ல, அதற்கு மேலே படியும் பூச்சுதான். சாயம் நகத்துக்குள் இறங்கும். பூச்சு நகத்தின் மேல் தனிப் படலமாக உட்காரும். இந்த வேறுபாடு நடைமுறையிலும் பெரிது. தொழுகைக்கு முன் உளூ என்னும் கழுவுதலைச் செய்யும்போது தண்ணீர் நகத்தைத் தொட வேண்டும் என்பதால் முஸ்லிம் பெண்கள் பலர் நெயில் பாலிஷைத் தவிர்த்து மருதாணியை வைத்துக்கொள்வது இதனால்தான். மறுப்பின் மறுபாதி நிற்காது. எந்த விரலுக்குத் தொப்பி, எந்த விரலுக்கு நுனி மட்டும், உள்ளங்கையில் வட்டமா பிறையா என்று தேர்ந்தெடுத்து, ஒருவர் கைக்கு இன்னொருவர் வைத்துவிடும் பழக்கம் முழுக்க அலங்கார நோக்கம் கொண்டது. சடங்குக்கு உரியது என்பதால் கோலத்தைக் கலையல்ல என்று யாரும் தள்ளுவதில்லை.

பூச்சின் வரலாறு ஆலையில் தொடங்குகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாடுகளில் நகத்துக்குப் பளபளப்பு ஏற்றுவதென்றால் பொடியையோ பசையையோ தடவி மான்தோலால் தேய்ப்பதுதான். நார்தம் வாரன் 1911-ல் தொடங்கிய கியூட்டெக்ஸ் நிறுவனம் முதலில் விற்றது நகக்கண் தோலை இளக்கும் திரவம். திரவப் பாலிஷ் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வந்தது. நிலைத்து நிற்கும் பூச்சைச் சாத்தியமாக்கிய பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கிடைக்கும் இந்தப் பொருள் வெடிமருந்தாகவும் சினிமாச் சுருளாகவும் பயன்பட்டது. 1923-ல் டூபான்ட் நிறுவனத்தின் டூகோ என்ற பெயரில் கார்களுக்கு விரைவில் உலரும் வண்ணப்பூச்சானது. எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் அதைக் கரைத்து நிறமி சேர்த்தால் நெயில் பாலிஷ். 1932-ல் நியூயார்க்கில் சார்ல்ஸ் ரெவ்சன், அவர் சகோதரர் ஜோசப், சார்ல்ஸ் லாக்மன் மூவரும் தொடங்கிய ரெவ்லான், அடியிலுள்ள நகம் தெரியாதபடி மூடும் நிறமிப் பாலிஷோடு வந்தது. அவர்கள் முதலில் விற்றது அழகு நிலையங்களுக்கு. ஐந்தே ஆண்டில், 1937-ல், அதே புட்டிகள் பல்பொருள் அங்காடிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் வந்துவிட்டன. சந்தையின் பெரும்பகுதி வீட்டில் இருக்கிறது என்பதை உற்பத்தியாளர் அவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்டார். இந்தியாவில் 1952-ல் டாடா குழுமம் லாக்மே நிறுவனத்தைத் தொடங்கியது. உள்நாட்டு நெயில் பாலிஷ் நடுத்தர வீட்டு அலமாரிக்கு வந்ததில் அதற்குப் பங்கு உண்டு.

பாலிஷ் வீட்டுக்கு ஏன் இவ்வளவு எளிதாகப் பொருந்தியது என்பதற்கு விடை அதன் இயல்பிலேயே இருக்கிறது. அது உலர்வது கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே. புதிய வேதிவினை எதுவும் நடப்பதில்லை. ஆகவே உலர்ந்த படலத்தை அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஒற்றியெடுத்தால் மறுபடி கரைந்து வந்துவிடும். பிழைக்குத் தண்டனை இல்லாத பொருள் இது. பயிற்சி இல்லாதவர் துணிந்து பழக வேறென்ன வேண்டும்? 1920-களிலும் 30-களிலும் பரவிய பிறை அலங்காரம், நகத்தின் அடிப்பிறையையும் சில நேரம் நுனியையும் விட்டுவிட்டு நடுவில் மட்டும் நிறமிடுவது. வளைவான ஓர் ஒட்டுத்தாள் இருந்தால் வீட்டிலேயே முடிகிற காரியம். கொண்டை ஊசியின் உருண்டை முனையைப் பாலிஷில் தொட்டு வைத்தால் புள்ளி; ஐந்து புள்ளியும் நடுவில் ஒன்றும் சேர்ந்தால் பூ. நீர்ப்பளிங்கு முறை இவற்றில் அழகானது, பொறுமையைச் சோதிப்பதும் அதுதான். அறை வெப்பத்திலுள்ள தண்ணீரில் ஒரு சொட்டுப் பாலிஷ் விட்டால் அது மேற்பரப்பில் வட்டமாக விரியும். அதன் நடுவில் வேறு நிறத்தில் இன்னொரு சொட்டு, பிறகு மற்றொன்று. வளையங்களை ஊசிமுனையால் இழுத்துக் கோலமாக்கி, விரலைச் சுற்றி டேப் ஒட்டி நகத்தை அதில் முக்க வேண்டும். நீருக்குள் இருக்கும்போதே மேலே மிதக்கும் மிச்சப் படலத்தை ஒரு குச்சியால் வழித்துவிட்ட பிறகே விரலை எடுக்க வேண்டும். இல்லையேல் வரும் வழியில் இன்னொரு படலம் ஒட்டிக் கோலம் கெடும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் சொட்டு விரியவே விரியாது.

வீடுதான் மையம் என்ற வாதத்துக்கு வலுவான எதிர்ச்சான்று அக்ரிலிக் நகம். பல் மருத்துவத்தில் செயற்கைப் பல்லுக்கும் அச்சுக்கும் பயன்பட்ட பிளாஸ்டிக், 1950-களில் அமெரிக்காவில் நகத்தின் நீளத்தைக் கூட்டப் பயன்பட்டது. பொடியும் திரவமும் தூரிகை நுனியில் கலந்து சில நிமிடங்களில் இறுகிவிடும்; அதற்குள் வடிவம் கொடுக்கக் கைத்திறன் வேண்டும், காய்ந்தபின் அராவ வேண்டும். முதலில் புழங்கிய மெத்தில் மெத்தாக்ரிலேட் திரவத்தால் நகமும் தோலும் கெட்டதாகப் புகார்கள் குவிந்து, 1970-களில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நீதிமன்றம் வரை சென்றது. இது வீட்டுக்கு ஒத்துவராத பொருள்; நிலையம் இதனால்தான் வளர்ந்தது. அந்த வளர்ச்சிக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஆள்பலமும் வந்தது. 1975-ல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ அருகே இருந்த அகதி முகாமில், நடிகை டிப்பி ஹெட்ரனின் விரல்நக அழகைக் கண்டு வியந்த வியட்நாமியப் பெண்களுக்கு அவர் நகப்பயிற்சி ஏற்பாடு செய்தார். அவர்களும் அவர்களைப் பின்பற்றி வந்தவர்களும் விலையைக் குறைத்து, பணக்காரரின் சேவையாக இருந்ததைக் கடைத்தெருச் சேவையாக்கினார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் அக்ரிலிக்கின் பயனையும் வீடு விட்டுவிடவில்லை: பசையிட்டு ஒட்டும் ஆயத்த நகங்கள் பெட்டிகளில் விற்றன. 1988 சோல் ஒலிம்பிக்கில் ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னரின் நீண்ட வண்ண நகங்களைத் தொலைக்காட்சியில் கண்டவர்களுக்கு அவற்றில் ஒரு சாயலாவது அந்தப் பெட்டியில் கிடைத்தது.

அடுத்த கைமாற்றம் வேகமாக நடந்தது. கைக்கடிகார முகப்பில் எண்களை அச்சிடும் தொழிலில், செதுக்கிய தகட்டிலுள்ள மையை மென்மையான ரப்பர் திண்டில் ஒற்றி வளைந்த பரப்பில் பதிப்பார்கள். அதே உத்தியைக் கையடக்கமாக்கி தென்கொரியாவின் கோனாட் போன்ற நிறுவனங்கள் 2000-களில் நக முத்திரைத் தட்டுகளை விற்றன. 2005-ல் தொடங்கிய யூடியூப், கைவேலையைக் கண்ணெதிரே காட்டும் வகுப்பானது. பழைய ஒப்பனைக் கையேட்டில் அரைப் பக்கம் படித்தும் பிடிபடாத தூரிகைக் கோணம் அரை நிமிடக் காட்சியில் பிடிபட்டது. வலக்கையால் இடக்கைக்கு இடுவது எளிது, இடக்கையால் வலக்கைக்கு இடுவதே வீட்டுக் கலைஞரின் நிரந்தரச் சிக்கல். முத்திரைத் தட்டு அதையும் பெரும்பகுதி தீர்த்தது.

இதுவரை சொன்ன பொருள்கள் எல்லாவற்றிலும் வீட்டில் நடக்கும் தவறு பெரும்பாலும் அழகைத்தான் கெடுத்தது. ஜெல் அப்படியல்ல. ஒளியில் இறுகும் ஜெல் 1980-களிலிருந்தே இருந்தாலும், 2010-ல் சிஎன்டி நிறுவனத்தின் ஷெல்லாக் வந்தபின் இரண்டு வாரம் பொலிவு குறையாத பூச்சு பெருவழக்கானது. பின்னர் மலிவான விளக்குகளோடு பெட்டிப் பெட்டியாக வீடுகளுக்கு வந்தது. 2020-ல் ஊரடங்கில் நிலையங்கள் மூடியபோது இன்னும் பரவியது. ஜெல் உலர்வதில்லை, வினைபுரிகிறது. விளக்கின் ஒளி பட்டதும் அதிலுள்ள தூண்டுபொருள் உடைந்து, மெத்தாக்ரிலேட் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. ஜெல்லுக்கு உரிய ஒளி அலைநீளமும் விளக்கு தரும் அலைநீளமும் பொருந்தாவிட்டாலோ, பூச்சு தடிமனாக இருந்தாலோ, மேலே கல்போல் இறுகியும் உள்ளே வினைபுரியாத மூலக்கூறுகள் மிஞ்சும். நகக்கண் தோலில் வழிந்த ஜெல்லை அங்கேயே விட்டாலும் இதே கதைதான். அந்த மூலக்கூறு தோலுக்குள் இறங்கி ஒருமுறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால் அது ஆயுளுக்கும் போகாது. மெத்தாக்ரிலேட் நகத்தோடு நிற்கும் பொருளுமல்ல. பல்லடைப்பிலும் மூட்டு மாற்று அறுவையின் எலும்புச் சிமென்டிலும் அது உண்டு. வீட்டு ஜெல் பெட்டிகளைக் குறிப்பிட்டே பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018-ல் எச்சரித்தது.

தொழில்முறை ஒப்பனையாளர்கள் தங்கள் பிழைப்பைக் காக்கவே வீட்டு ஜெல்லைப் பயமுறுத்துகிறார்கள் என்று ஒரு தரப்பு சொல்லும். அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இல்லை. நாள் முழுக்கத் தூசியிலும் ஆவியிலும் உட்கார்ந்து வேலை செய்யும் பணியாளருக்கும் இதே ஒவ்வாமை வருகிறது. நிலையத்தின் சுவர் யாரையும் காப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இரு வகையாகவும் முடிவெடுத்திருக்கிறது. ஹீமா என்ற மெத்தாக்ரிலேட் கலந்த நகப்பூச்சுகளை 2021 முதல் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று வரையறுத்தது. டிபிஓ என்ற ஒளித்தூண்டியை 2025 செப்டம்பர் 1 முதல் நிலையம், வீடு என்ற பேதமின்றி அழகுப் பொருள்களில் தடைசெய்தது. முதல் விதி பயிற்சியின் பெறுமதியை ஒப்புக்கொள்கிறது, இரண்டாவது பயிற்சியால் தீராத ஆபத்தும் உண்டு என்கிறது. இரண்டும் சரியே. கரைந்து வரும் பொருளில் பிழையைத் துடைக்கலாம், வினைபுரியும் பொருளில் துடைக்க முடியாது. வீட்டுக்கு ஏற்றதா என்பதை இதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பாலிஷும் முத்திரைத் தட்டும் இந்தச் சோதனையில் தேறுகின்றன. ஜெல் தேறவில்லை. அப்படியும் வீட்டில் இடுபவர்கள் அதே நிறுவனத்தின் விளக்கையே பயன்படுத்த வேண்டும், தோலில் பட்டதை விளக்கில் கைவைக்கும் முன்பே துடைத்துவிட வேண்டும். நகத்தைச் சுற்றி அரிப்போ கொப்புளமோ கண்டால் உடனே நிறுத்தித் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை உறுதியானால் அதைப் பல் மருத்துவரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.