இரண்டு நட்சத்திரம் காட்டினால் போதும்

தானே தேடிப்போய்க் காட்டும் தொலைநோக்கியை வாங்கியவர்கள் முதல் ராத்திரியில் பெரும்பாலும் ஏமாந்துதான் போகிறார்கள். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கான வான்பொருள்கள் என்று அச்சடித்திருக்கும். மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், முக்காலியை விரித்து, பேட்டரியைச் செருகி, கைப்பெட்டியில் சனி என்று அழுத்தினால் மோட்டார் உறுமிக்கொண்டே திரும்பிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் நிற்கும். கருவியில் பழுது ஒன்றுமில்லை. சனி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். தான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதுதான் தெரியாது.

அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு அலைன்மெண்ட் என்று பெயர். கைப்பெட்டி ஒரு நட்சத்திரத்தைக் கேட்கும். அதை ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையின்) நடுவில் கொண்டுவந்து நிறுத்திப் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு இன்னொன்றைக் கேட்கும். அதையும் காட்டிவிட்டால் வானம் முழுவதும் அதன் கைக்குள். ஒன்று ஏன் போதாது, மூன்றாவது ஏன் பெரும்பாலும் தேவையில்லை, இந்த ஏற்பாடு யாருக்கு முதலில் தேவைப்பட்டது என்று தேடிப் போனால் கதை மாடியில் தொடங்கவில்லை, நிலவுக்குப் போகிற வழியில் தொடங்குகிறது.

அதற்கு முன்பிருந்த வழி வேறு. பூமி 23 மணி 56 நிமிடத்தில் ஒரு முறை சுற்றுகிறது. தொலைநோக்கியைச் சுமக்கும் தாங்கியின் ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்து, அந்த ஒன்றை மட்டும் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தால் நட்சத்திரம் பார்வையை விட்டு நகராது. ஜோசப் ஃபிரான்ஹோஃபர் 1824இல் டார்பட் நகருக்கு (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு) செய்து கொடுத்த 24 செ.மீ. தொலைநோக்கி இப்படித்தான், எடைக்கல் இறங்க இறங்க ஓடும் கடிகாரப் பொறியால் திரும்பியது. இதில் ஒரு நிபந்தனை உண்டு: அச்சு துருவத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். டார்ட்டுவில் துருவ நட்சத்திரம் 58 டிகிரி உயரத்தில் ஜம்மென்று நிற்கிறது. சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8. தென்னை மரமும் எதிர்வீட்டு மாடியும் அதை விழுங்கிவிடும். போதாக்குறைக்கு, வடநாடுகளை மனதில் வைத்துச் செய்த தாங்கிகள் பல அவ்வளவு தாழ்வாகச் சாயவும் மறுக்கும். காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் இந்த வகைத் தாங்கியில் நிற்பதுதான். ஆனால் அதை ஒரே முறை நட்டு, சரிபார்த்து, விட்டுவிட்டார்கள். மாடிக்காரருக்கோ தினமும் நடுவிழா.

ஆக, கருவியை வானத்துக்கு நேராக நிமிர்த்து, அப்புறம் பார். நூற்றைம்பது ஆண்டுகள் நடந்தது இந்தச் சட்டம்தான்.

விண்கலத்தில் இந்தச் சட்டம் செல்லாது. அங்கே ரசமட்டம் வேலை செய்யாது, வடக்கு என்ற ஒன்றும் கிடையாது. அப்பல்லோ கலத்துக்குள் சுழல்மானிகள் ஒரு சிறு மேடையைத் திசை மாறாமல் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த மேடையை வைத்துத்தான் கணினி கலத்தின் திசையை அறிந்தது. மேடை மெல்ல மெல்ல விலகும். அவ்வப்போது சரிசெய்ய, விண்வெளி வீரர் 28 மடங்கு பெரிதாக்கும் செக்ஸ்டண்ட் என்ற கோணம் அளக்கும் கருவி வழியாக ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துப் பொத்தானை அழுத்துவார், பிறகு இன்னொன்று. கணினியின் பட்டியலில் 37 நட்சத்திரங்கள் இருந்தன. அவற்றில் மூன்றுக்கு விண்வெளி வீரர் கஸ் கிரிஸம் குறும்பாகத் தன் பெயரையும் சகாக்கள் இருவரின் பெயரையும் தலைகீழாகப் புரட்டி வைத்திருந்தார்.

இரண்டையும் காட்டி முடித்ததும் கணினி ஒரு சோதனை செய்யும். அந்த இரு நட்சத்திரங்களுக்கு நடுவே பட்டியல்படி இருக்க வேண்டிய கோணம் எவ்வளவு, வீரர் காட்டியதில் வந்த கோணம் எவ்வளவு? வித்தியாசத்தைத் திரையில் போடும். ஐந்து சுழியம் வந்தால் சபாஷ். பெரிய எண் வந்தால் தவறான நட்சத்திரத்தைப் பிடித்திருக்கிறீர்கள். இன்று கைப்பெட்டியில் 'அலைன்மெண்ட் தோல்வி' என்று வந்தால் பெரும்பாலும் காரணம் இதேதான்.

1968 டிசம்பரில், அப்பல்லோ 8 நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது ஜிம் லோவெல் ஒரு விசையைத் தவறாகத் தட்டினார். நட்சத்திர எண் 01ஐக் கேட்கப்போய், நிரல் 01ஐ அழைத்துவிட்டார். அது ஏவுதளத்தில் கிளம்புவதற்கு முன் ஓட்ட வேண்டிய நிரல். கணினி தான் இன்னும் புளோரிடாவில் தரையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, இருந்த திசைக் கணக்கையெல்லாம் தூக்கியெறிந்தது. பூமிக்கும் நிலவுக்கும் நடுவில், எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்றே தெரியாத கலம். லோவெல் ரைகலையும் சிரியஸையும் தேடிப் பிடித்து, கணினிக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். மாடியில் நடப்பதற்கும் இதற்கும் வித்தியாசம், தோற்றால் என்ன ஆகும் என்பதில் மட்டும்தான்.

கணக்கு எளிது. ஒரே ஆணியில் மாட்டிய படம் சுழன்றுகொண்டே இருக்கும், இரண்டாவது ஆணி அடித்தால் அசையாது. ஒரு நட்சத்திரத்தை மட்டும் காட்டினால், அதை மையமாக வைத்து மீதி வானம் எப்படி வேண்டுமானாலும் திரும்பியிருக்கலாம். இரண்டாவது அதைப் பூட்டுகிறது. செயற்கைக்கோள்களின் திசையை இரண்டே திசைகளை வைத்துக் கண்டுபிடிக்கும் இந்தக் கணிதத்தை ஹெரால்ட் பிளாக் 1964இல் வெளியிட்டார்.

தரையில் இருந்தவர்கள் இதற்கிடையில் வேறொன்றைக் கற்றுக்கொண்டார்கள். சோவியத் நாட்டில் 1975இல் கண் திறந்த ஆறு மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடி மட்டும் 42 டன். அவ்வளவு எடையைச் சாய்ந்த அச்சில் தொங்கவிடாமல், பீரங்கி மாதிரி மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் தாங்கியில் வைத்தார்கள். இதில் இரண்டு மோட்டாரும் நொடிக்கு நொடி வேகத்தை மாற்றியாக வேண்டும். கணினி இல்லாமல் நடக்காது. கணினி வந்ததும் வேறொரு வசதியும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மலையில் 1974இல் திறந்த ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கிக்கு பேட்ரிக் வாலஸ் நிரல் எழுதினார். அவருடைய வழி எனக்கு மிகவும் பிடித்தது. இரும்பு வளையத்தான் செய்யும், அச்சுகள் சரியான செங்குத்தாக அமையவே அமையாது, குழாய் தன் எடையிலேயே தொங்கும். அதையெல்லாம் அரத்தை வைத்து ராவிக்கொண்டிருக்க வேண்டாம். பல நட்சத்திரங்களைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் கருவி எவ்வளவு தவறுகிறது என்று குறித்து, தவற்றையே ஒரு சமன்பாடாக்கிக் கணினியிடம் கொடுத்துவிடலாம். கோணல் இருந்துவிட்டுப் போகட்டும், எவ்வளவு கோணல் என்று தெரிந்தால் சரி.

விண்கலத்தின் இரண்டு நட்சத்திர வழியும் தரையின் கணினி வழியும் மாடிக்கு இறங்கி வந்தது 1980களின் கடைசியில். செலஸ்ட்ரான் நிறுவனம் 1987இல் காம்புஸ்டார் என்று தானாகத் தேடும் தொலைநோக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை சாதாரண ஆர்வலருக்கு எட்டவில்லை. என் கணக்கில் அதைவிடப் பெரிய பிறப்பு 1989 பிப்ரவரி. ஜப்பானியரான டோஷிமி டாக்கி அமெரிக்காவின் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சில பக்கங்கள்தான். தாங்கியை மட்டமாக வைக்க வேண்டாம், வடக்கு பார்த்து வைக்கவும் வேண்டாம், எப்படி நின்றாலும் இரண்டு நட்சத்திரங்களைக் காட்டுங்கள். இரண்டு திசைகளுக்கும் செங்குத்தாக மூன்றாவது ஒரு திசையைக் கணக்கே உண்டாக்கிக்கொள்ளும். மூன்றையும் வைத்து ஒன்பது எண்கள் கொண்ட ஒரு கட்டம் கிடைக்கும். எந்த வான்பொருளின் இருப்பிடத்தையும் அந்தக் கட்டத்தால் பெருக்கினால் தாங்கி திரும்ப வேண்டிய கோணங்கள் வந்துவிடும்.

தாங்கி எவ்வளவு திரும்பியது என்று அறிய என்கோடர் போதும். அதைப் பிரித்துப் பார்த்தால் ஓரத்தில் நெருக்கமாகக் கீறல் போட்ட மெல்லிய வட்டத்தகடு இருக்கும். ஒரு பக்கம் குட்டி விளக்கு, மறுபக்கம் சற்று விலகி வைத்த இரண்டு ஒளியுணரிகள். தகடு சுழல, வெளிச்சம் விட்டு விட்டு வரும். எத்தனை முறை என்பது தூரம், எந்த உணரியில் முதலில் என்பது திசை. மோட்டாரே இல்லாத மரப்பெட்டித் தாங்கியில் இரண்டு என்கோடரைப் பொருத்தி, கையால் தள்ளித் தேடும் முறையும் இதில் பிறந்தது.

1992இல் மீட் நிறுவனத்தின் எல்எக்ஸ்200 வந்தது. கைக்கு எட்டும் விலையில் தானாகத் தேடும் தொலைநோக்கி என்றால் பலருக்கு அதுதான் முதல். மட்டம் வைத்து ஒரு நட்சத்திரம், அல்லது மட்டமில்லாமல் இரண்டு என்று கேட்டது. 1999இல் மீட் ஆட்டோஸ்டார் என்ற கைப்பெட்டியை ஈடிஎக்ஸ் என்ற சிறிய தொலைநோக்கியிலும் சேர்த்தது. அதே ஆண்டு செலஸ்ட்ரான் நெக்ஸ்டார் 5ஐ இறக்கியது.

ஆனால் ஒன்பது எண்களுக்குப் பிடிபடாத ஒன்று கியர். மெக்கானிக் 'பிளே இருக்கு' என்பாரே, அதுதான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. மோட்டார் திசை மாற்றும்போது அந்த இடைவெளி நிரம்பும் வரை குழாய் நகராது, கணினியோ நகர்ந்துவிட்டதாகக் கணக்கு வைக்கும். மீட் இதற்கு ஒரு பயிற்சி வைத்தது. பகலில் தூரத்துக் கம்பத்தை நடுவில் வையுங்கள், நானே தள்ளிப்போகிறேன், நீங்கள் மறுபடி நடுவுக்குக் கொண்டுவாருங்கள், பிளே எவ்வளவென்று குறித்துக்கொள்கிறேன் என்றது. நெக்ஸ்டாரின் கையேடு வேறு மாதிரி: நட்சத்திரத்தை நடுவில் நிறுத்தும்போது கடைசி அழுத்தம் எப்போதும் மேல் அம்பும் வலது அம்புமாக இருக்கட்டும். எப்போதும் ஒரே பக்கமாக வந்து சேர்ந்தால் பற்கள் ஒரே பக்கம் ஒட்டியிருக்கும். கையேட்டில் இந்த ஒரு வரியைத் தாண்டிப் போனவர்கள்தான் பலமுறை இயந்திரத்தைத் திட்டுகிறார்கள்.

வாலஸின் வாரிசும் உண்டு. சாய்ந்த அச்சுள்ள தாங்கிகளில் செலஸ்ட்ரான் இரண்டு அலைன்மெண்ட் நட்சத்திரங்களுக்குப் பிறகு, தலைக்கு மேல் வடக்கு தெற்காக ஓடும் உச்சிக்கோட்டின் மறுபக்கம் சில 'கேலிப்ரேஷன்' நட்சத்திரங்களைக் கேட்கிறது. குழாய் அச்சுக்குச் சரியான செங்குத்தில் இல்லையென்றால் அந்தத் தவறு ஒரு பக்கம் ஒரு மாதிரியும், குழாய் புரண்டு மறுபக்கம் போனதும் எதிர்மாதிரியும் காட்டும். ஒரே பக்கம் நின்று பார்த்தால் அது அகப்படாது.

நட்சத்திரத் தேர்வுக்கும் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஓரியன் கூட்டத்தில் திருவாதிரைக்கும் ரைகலுக்கும் நடுவே சுமார் 19 டிகிரிதான். அவ்வளவு நெருக்கமானவற்றைக் காட்டினால் நடுவில் வைப்பதில் வரும் சின்னப் பிசகும் வானத்தின் மறுகோடியில் பெரிதாகும். நேர் எதிரெதிராக இருந்தாலும் அதே கதி. 90 டிகிரியை ஒட்டி இருப்பது உத்தமம்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை. பெட்டி தேதியை மாதம் முதலில் போட்டுக் கேட்கும். ஏப்ரல் 5ஐ மே 4 ஆக்கிவிடுவோம். அரைமணிக் கணக்குள்ள நேர மண்டலத்தையே அறியாத பழைய பெட்டிகளும் உண்டு. அதற்கு உலக நேரத்தையும் மண்டலம் சுழியத்தையும் கொடுப்பது வழி. நேரத்தில் 4 நிமிடம் பிசகினால் வானம் ஒரு டிகிரி நகர்ந்திருக்கும். ஆனாலும் நீங்கள் கையால் காட்டிய இரண்டு நட்சத்திரங்கள் அந்தப் பிசகை விழுங்கிக்கொள்ளும். மற்ற நட்சத்திரங்கள் சரியாகவே வரும். பிசகு நாள்கணக்கில் போனால், இடம் மாறும் நிலாவும் கோள்களும்தான் தவறும். டாக்கியின் கணக்கு அவ்வளவு பெருந்தன்மையானது.

அடுத்த படி, பெயர் தெரிய வேண்டாம் என்பது. செலஸ்ட்ரானின் ஸ்கைஅலைன் ஏதாவது மூன்று பிரகாசமான பொருள்களைக் காட்டச் சொன்னது. அவற்றுக்கிடையே உள்ள கோணங்களை அளந்து, அந்த நேரத்து வானத்தில் அப்படிப் பொருந்தும் மூன்று எவை என்று தானே தேடிக்கொண்டது. தாங்கி எப்படிச் சாய்ந்தாலும் இரு நட்சத்திரங்களுக்கு நடுவிலுள்ள கோணம் மாறுவதில்லை. லோவெலின் கணினி சோதனைக்குப் பயன்படுத்தியதையே இங்கே அடையாளத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

பிறகு கேமரா வந்து மனிதக் கண்ணையே ஒதுக்கியது. டஸ்டின் லாங், டேவிட் ஹாக் குழுவினர் 2010இல் வெளியிட்ட முறையில் ஒரு வான்படத்திலுள்ள நான்கு நட்சத்திரங்களின் வடிவத்தை வைத்தே அது வானத்தின் எந்தப் பகுதி என்று கணினி சொல்லிவிடும். மீட் 2009இலும், ஸ்டார்சென்ஸ் என்ற பெயரில் செலஸ்ட்ரான் 2013இலும் தாங்களே வானத்தைப் படமெடுத்து அலைன்மெண்ட் செய்துகொள்ளும் கருவிகளை விற்றன. ஆனால் கேமரா பார்ப்பதும் குழாய் பார்ப்பதும் ஒரே புள்ளி அல்ல. அந்த இடைவெளியைச் சொல்லிக்கொடுக்க, ஸ்டார்சென்ஸும் முதல் நாள் ஒரு நட்சத்திரத்தை ஐபீஸின் நடுவில் வைத்துக் காட்டச் சொல்கிறது. அது மட்டும் இன்னும் நம் வேலை.