புத்தூர் கட்டும் பேசாத பிள்ளையும்

கை கால் முறிந்தால் எங்க நகரிக்காரர்களுக்குக் கவலையே இல்லை. பக்கத்திலேயே புத்தூர். கட்டுப் போட்டுவிட்டால் எலும்பு கூடியதா இல்லையா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். ஆனால் மூணு வயசாகியும் பேசாத, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையை எங்கே கொண்டுபோவது? முதலில் சோளிங்கர் நரசிம்மர். அதற்கப்புறம்தான் வேலூர்.

இந்த வேலூருக்கு ஒரு கதை உண்டு. 1957-ல் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு வீட்டாரும் தங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்து மனநல மருத்துவமனைகளில் வீட்டாருக்கு வாசலோடு சரி. அதே 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் குடும்பங்களைக் கூடாரத்தில் தங்கவைத்தார். பாகாயத்தில் பிள்ளைகளுக்கென்றே 'நம்பிக்கை நிலையம்' வந்தது. அங்கே பயிற்சி பிள்ளைக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும்தான்.

நல்ல யோசனைதான். ஆனால் பலன் உண்டா? எனக்குக் கணக்குப் பார்க்காமல் தூக்கம் வராது!

அந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒரு கூட்டம் இங்கிலாந்தில். ஆட்டிசம் உள்ள 152 குழந்தைகளை வைத்து அவர்கள் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. முறை ரொம்ப எளிமை. அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுப்பார்கள். பிறகு பயிற்சியாளரும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பிள்ளை கண்ணால், கையால் ஏதோ சொல்ல வந்த அந்த நொடியைக் கண்டுபிடித்து, அதற்கு எப்படிப் பதில் கொடுப்பது என்று பழகுவார்கள்.

சரி, ஸ்பெஷலிஸ்ட் இல்லாத நம்ம ஊருக்கு இது ஒத்துவருமா? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் பார்த்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள். 2016-ல் முடிவு வந்தது. பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஏற்பப் பதில் கொடுப்பது கூடியது. பிள்ளை தானாக முன்வந்து பேச்சுக் கொடுப்பதும் கூடியது. ஆனால் இருவரும் ஒரே விஷயத்தில் சேர்ந்து கவனம் வைக்கும் நேரம் குறைந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். வரவை மட்டும் காட்டிச் செலவை மறைத்தால் அது கணக்கே இல்லையே!

1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் வந்த நாலு மாவட்டங்களில் திருச்சியும் அன்றைய ஆந்திராவின் மேதக்கும் உண்டு. டாக்டர் மாவட்டத்துக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் இந்த மாதிரிப் பிள்ளைக்கு மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நகரியிலேயே படித்த பெண்ணாக இருக்கலாம் என்பதைத்தான் கோவா காட்டியது.

வெளிநாட்டில் இருக்கும் நம்மிடம் ஊரிலிருந்து போன் வரும். "பிள்ளை பேசலை, எங்கேயோ ஊசி போட்டா சரியாகுமாம், பணம் அனுப்பு" என்பார்கள். அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எத்தனை பிள்ளைகளிடம் அளந்து பார்த்தார்கள்? பதில் இல்லையென்றால், சோளிங்கர் போகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அப்படியே பாகாயத்துக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.