பூம்பாவை விழாப் பார்த்தாளா?

மயிலாப்பூர் விழாக்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பட்டியல், இறந்துபோன ஒரு பெண்ணை நோக்கிப் பாடப்பட்டது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பதிகம் அது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று வரிசையாகச் சொல்லி, இவற்றைப் பார்க்கவாவது எழுந்து வா என்று பூம்பாவையை அழைக்கிறது.

இதைப் பாடம் நடத்தும்போது, விழாவில் வேலை செய்வது யார் என்று பார்க்கச் சொல்வேன். விளக்கீட்டைக் கொண்டாடுவோர் பெண்கள். தைப்பூசத்துக்கு நெய்ச்சோறு ஆக்குவோரும் பெண்கள். அவர்களுடைய அழகுக்கு அடைமொழிகள் உண்டு, பெயர்தான் இல்லை.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் கதையை விரிக்கிறார். பூப்பறிக்கப் போனவளைப் பாம்பு தீண்டுகிறது. வணிகரான தந்தை சிவநேசர் அவளது எலும்பையும் சாம்பலையும் குடத்தில் காக்கிறார். சம்பந்தர் பாட, எழுகிறாள். மணந்துகொள்ளுமாறு தந்தை வேண்டுகிறார். உயிர் தந்ததால் இவள் எனக்கு மகள் முறை என்று சம்பந்தர் மறுக்கிறார். வேறொருவருக்குக் கொடுக்க மனமில்லாத தந்தை அவளைக் கன்னிமாடத்தில் வைக்கிறார். அங்கேயே அவள் சிவனடி சேர்கிறாள். திருமணப் பேச்சு இரண்டு ஆண்களோடு முடிந்துவிட்டது.

இன்றும் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் கபாலீசுவரர் கோயிலில் அவள் உயிர்த்தெழுகிறாள். மாலையில் அறுபத்துமூவர் மாடவீதிகளில் உலா வருகிறார்கள். அந்த 63 பேரில் பெண்கள் மூவரே: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். பெருங்குடியிலிருந்தும் பெண்கள் பேருந்தேறிப் போய்க் கூட்டத்தில் நின்று பார்க்கிறோம்.

விழாக்களைச் சொல்லித்தான் அவளை அழைத்தார்கள். கன்னிமாடத்திலிருந்து ஒரு தைப்பூசத்துக்காவது அவளை வெளியே விட்டார்களா?